எண்பத்தொரு வீதம்

...படித்த மனிதன்தான், கழுத்தில் அலுவலக அட்டை தொங்குகிறது, சட்டைக் கையை முழங்கைவரை அளவாக மடித்து விட்டிருக்கிறான், ஆனால் மடியில் பார், அரைச் செங்கல் அளவில் ஒரு பவர்பாங்க், அதிலிருந்து ஒரு வெள்ளை வயர் புறப்பட்டுப் போனுக்குப் போகிறது, ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றுகிற மாதிரி... கனகேஸ்வரி முகத்தைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தாள், பிறகு மறுபடியும் அந்தத் திரையையே பார்த்தாள், பார்க்காமல் இருக்க முடியவில்லை, ஒன்பது வீதம், சிவப்பு நிறத்தில். காலை பத்தரை மணிக்கு ஒன்பது வீதம்! வீட்டை விட்டு வெளிக்கிட்டு எவ்வளவு நேரமாகியிருக்கும் இவனுக்கு? திரை வெளிச்சத்தை முழுதாகத் திறந்து வைத்திருக்கிறான், பக்கத்து ஆளின் கண் கூசுகிறது, இடம் காட்டுகிற குறி மேலே எரிகிறது, புளூடூத் எரிகிறது, காதில் ஒன்றுமில்லை, பிறகு எதற்குப் புளூடூத்? வெள்ளவத்தையில் ஏறி மட்டக்குளி பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிற ஒருவனுக்குத் தான் எங்கே இருக்கிறேன் என்பதை ஆகாயத்திலிருந்து ஒரு செய்மதி வந்து சொல்ல வேண்டுமா? முட்டாள். நாட்டில் பாதிப் பேர் இப்படித்தான், மிச்சப் பாதிப் பேர் சார்ஜர் எங்கே என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள். போனை வாங்கத் தெரிகிறது, அதன் செற்றிங்ஸுக்குள் ஒரு தடவை நுழைந்து பார்க்கத் தெரியவில்லை, அங்கே எல்லாம் எழுதித்தான் இருக்கிறது, எது எத்தனை வீதம் தின்றது, எத்தனை மணித்தியாலம் தின்றது என்று, பள்ளிக்கூட றிப்போர்ட் மாதிரி. ஆனால் றிப்போர்ட் வாசிக்கிற பழக்கம் இந்த மனிதர்களுக்கு எப்போது இருந்தது? முப்பத்திரண்டு வருஷம் கணிதம் படிப்பித்தவள் அவள், பெற்றோர் கூட்டத்துக்கு வந்து "மிஸ், பிள்ளைக்கு என்ன குறை?" என்று கேட்டவர்களின் கையிலேயே அந்த றிப்போர்ட் இருந்தது, அதை விசிறியாக்கி முகத்துக்கு விசிறிக்கொண்டுதான் கேட்பார்கள்.

அவளுடைய போன் கைப்பையின் உள்ளறையில், வெயில் படாமல் இருந்தது. சூடுதான் பற்றரிக்கு முதல் எதிரி, யாருக்குத் தெரியும் அது? வியாழக்கிழமை காலை தொண்ணூறில் கழற்றியது, இன்று சனிக்கிழமை, வீட்டுக் கதவைப் பூட்டும்போது பார்த்தாள், எண்பத்தொன்று. தொண்ணூறுக்கு மேலே ஏற்றுவதில்லை, இருபதுக்குக் கீழே இறங்க விடுவதில்லை. வெளிச்சம் ஐந்தில் ஒரு பங்கு, அதிர்வு கிடையாது, இடம் காட்டுவது கிடையாது, தானாகப் புதுப்பித்துக்கொள்ளுகிற செயலி எதற்கும் அனுமதி கிடையாது, டேட்டா தேவைப்பட்டால் திறப்பாள், வேலை முடிந்ததும் மூடுவாள், குழாயை மூடுவது போல. பின்னேரம் ஆறு மணிக்கு விமானத்தில் ஏறியவர்கள் போடுகிற அந்த நிலைக்குப் போனைப் போட்டுவிடுவாள், காலை ஆறு மணிவரை அதற்கு உலகத்தோடு சகவாசம் இல்லை. ஆறு மணிக்குப் பிறகு அவளுக்கு யார் என்ன சொல்லிவிடப் போகிறார்கள்? எல்லாம் அந்த மின்வெட்டுக் காலத்தில் தொடங்கியது, பத்து மணித்தியாலம், பன்னிரண்டு மணித்தியாலம் என்று கரண்ட் இல்லாமல் கிடந்த நாட்கள், ஃப்ளற்றில் இருந்த ஒவ்வொரு வீட்டிலும் போன் செத்துக் கிடக்க அவளுடையதில் மட்டும் அறுபதுக்குக் குறையாமல் இருக்கும், இரண்டாம் மாடி எஞ்சினியர், கனடாவில் மூன்று பிள்ளைகளை வைத்திருக்கிற கீழ்வீட்டுக்காரி, எல்லாரும் படியேறி வந்து "மிஸ், ஒரேயொரு கோல்" என்று வாசலில் நின்றார்கள்... கொடுத்தாள், ஒருவருக்கு மூன்று நிமிஷம், கையில் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு. பிறகு கரண்ட் வந்தது, எல்லாரும் பழையபடி விளையாடத் தொடங்கினார்கள், படியேறி வருவதும் நின்றது. அவள் மட்டும் மாறவில்லை. சரியென்று நிரூபித்த ஒன்றை எதற்காக மாற்ற வேண்டும்?

போன மாதம் காலி வீதியில் அந்தப் போன் கடை மஜீட்டிடம் திரைக்கு ஒரு கண்ணாடி ஒட்டப் போயிருந்தாள், அவன் போனை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தான், என்ன சிரிப்பு அது, பல்லெல்லாம் தெரிய. "மிஸ், இந்த போன் வாங்கி மூணு வருசம் எண்டு சொன்னா ஒத்தரும் நம்பமாட்டாங்க. பெட்டரி புதுசு மாதிரி ஈக்கி. ஆனா என்னத்துக்கு மிஸ் இப்பிடிப் பொத்திப் பொத்தி வெச்சிருக்கீங்க? பழுதானா மாத்தலாமே, அர மணித்தியால வேல." அரை மணித்தியால வேலையாம்! ஆட்கள் பழுதாக்கினால்தானே இவனுக்குப் பிழைப்பு, டொக்டர் சீனி வேண்டாமென்றா சொல்லுவான்? இல்லை, டொக்டர் வேண்டாமென்றுதான் சொல்லுவான், உதாரணம் பிழை... எப்படியோ, கடைக்காரன் கடைக்காரன்தான். அவள் கண்ணாடியின் ஒரு மூலையில் காற்றுக் குமிழ் இருப்பதைச் சுட்டிக்காட்டித் திரும்ப ஒட்டவைத்தாள். பஸ் பம்பலப்பிட்டியைத் தாண்டியது, நடத்துனர் "இஸ்ஸரஹட்ட யன்ன, இஸ்ஸரஹட்ட" என்று நின்றவர்களை முன்னுக்குத் தள்ளினான், ஒரு பெட்டை ஒரு கையால் கம்பியையும் மறுகையால் போனையும் பிடித்துக்கொண்டு, விழுந்தாலும் போனை விடமாட்டேன் என்கிற பிடி, யாரோ குதித்துக் குதித்து ஆடுகிற வீடியோவை விரலால் தள்ளித் தள்ளி... ஒன்றையும் முழுதாகப் பார்க்கிறாள் இல்லை, எல்லாம் மூன்று செக்கன். பற்றரி போவது இருக்கட்டும், தலைக்குள் இருக்கிற சாமான் என்னாகும்?

வட்ஸ்அப்பைத்தான் முதலில் அடக்க வேண்டியிருந்தது. அதுதான் ஆகப் பெரிய தின்னி, மூடி வைத்தாலும் பின்னால் இருந்து தின்னும். குடும்பக் குழுவாம், நாற்பத்தியாறு பேர், காலையில் எழும்பினால் ரோசாப்பூ, ரோசாப்பூவுக்குள் சுவாமி, சுவாமிக்குக் கீழே இனிய காலை வணக்கம், அதற்கு நாற்பத்தைந்து பேர் கைகூப்பல்... ஸ்காபரோவிலிருந்து ஒரு மச்சான் தன் வீட்டு வாசலில் பனி கொட்டுவதை ஏழு நிமிஷத்துக்கு எடுத்து அனுப்பியிருந்தான், பனி, ஏழு நிமிஷம், அதில் வேறொன்றும் நடக்கவில்லை. அன்றைக்கே செற்றிங்ஸுக்குள் போய் அதன் கழுத்தைப் பிடித்தாள், பின்னணியில் இயங்கத் தடை, அறிவித்தல் தடை, அவளாகத் தொட்டுத் திறந்தால் மட்டும் அது மூச்சு விடலாம். ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை திறப்பாள், பத்து நிமிஷம், எல்லாவற்றையும் அழிப்பாள். போன ஞாயிறு அதையும் செய்யவில்லை, மனம் வரவில்லை, குழுவில் யாருக்கோ பிறந்தநாள் என்று முதல் நாளே தெரியும், கேக் வந்து குவியும். சரி, ஒரு கிழமை பார்க்காவிட்டால் என்ன? செத்த வீடென்றால் போன் எடுத்துத்தானே சொல்லுவார்கள்.

மடியிலிருந்த கடதாசிப் பையை இழுத்துச் சரிபார்த்தாள். குளிருக்கு உள்ளே போடுகிற உடுப்பு, இரண்டு சோடி, சாம்பல் ஒன்று, கறுப்பு ஒன்று, வெள்ளவத்தையில் மூன்று கடை ஏறி இறங்கித் துணியை விரலால் தேய்த்துப் பார்த்து வாங்கியது. றேணுகா திங்கட்கிழமை பயணம். தங்கச்சி புவனாவின் ஒரே பெட்டை, இருபத்துநாலு வயது, அயர்லாந்துக்குப் போகிறாள், வயோதிபர் இல்லத்தில் வேலை. வயோதிபர் இல்லம்... மூன்று வருஷம், சனி ஞாயிறு தவறாமல் அந்தப் பிள்ளையைக் கொட்டாஞ்சேனையிலிருந்து வரவழைத்து உயர்தரத்துக்கு இணைந்த கணிதம் படிப்பித்தாள், சுத்தமான தலை அது, ஒரு தடவை சொன்னால் போதும், சிலவேளை அவள் சொல்லாத வழியால் போய் விடையைத் தொட்டுவிட்டு நிமிர்ந்து பார்க்கும், அந்தப் பார்வைக்காகவே... அப்படிப்பட்டது கம்பஸ் கிடைத்தும் ஒரு வருஷத்தில் விட்டுவிட்டு வந்து, பராமரிப்புப் பயிற்சியாம், சான்றிதழாம். போன மாதம் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவள் கேட்டுவிட்டாள், "கிழடுகளுக்குக் குண்டி கழுவிவிடவோ நான் உனக்கு மூண்டு வருஷம் தொகையீடு படிப்பிச்சனான்?" என்று. றேணுகா சோற்றைப் பிசைந்துகொண்டு, கோபமே இல்லாமல், "ஆராவது கழுவத்தானே வேணும் பெரியம்மா" என்றாள். அந்தக் கோபமில்லாமைதான் அவளுக்கு ஆகவில்லை, எழும்பிக் கை கழுவிவிட்டு வந்துவிட்டாள். பிழையா? சொன்னதில் பிழையில்லை, சொன்ன இடம்... சாப்பாட்டு மேசை... சரி, அதற்குத்தானே இப்போது இந்தப் பையோடு போகிறாள், மன்னிப்பு அது இது என்று இழுக்கத் தேவையில்லை, பையைக் கொடுப்பது, "சரி, கவனமாப் போ" என்று ஒரு வசனம், ஒரு தேத்தண்ணி, பன்னிரண்டரை பஸ். வசனத்தைக் காலையிலிருந்து நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்தாயிற்று, "சரி"யோடு தொடங்குவதுதான் நல்லது.

ஆனால் பாரேன், பயணம் திங்கட்கிழமை, இன்றைக்குச் சனி, பத்து நாளாகப் புவனாவிடமிருந்து ஒரு கோல் இல்லை. ஒன்று. அக்கா, பிள்ளை வெளிக்கிடுகிறாள், ஒருக்கால் வந்து போங்கோ என்று ஒரு வார்த்தை சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அதுதான் அவள் குணம், பிடிவாதம், அந்த ஒஸ்வால்ட்டைக் கட்டுகிறேன் என்று நின்றபோதும் இதே பிடிவாதம்தான், சைவக் குடும்பத்துப் பிள்ளை, கொட்டாஞ்சேனையில், துறைமுகத்துக் கிளார்க் ஒருவனை, தேவாலயத்தில் வைத்து... அப்பா போகவில்லை, அவள்தான் போனாள், போய்ப் பின்வரிசையில் இருந்து பாதிரியாரின் தமிழில் பிழை எண்ணிக்கொண்டிருந்தாள், பதினேழு. அவ்வளவு செய்தவளுக்கு ஒரு கோல் இல்லை. மறந்துவிட்டார்கள், வேறென்ன? தேவை முடிந்தால் மறப்பார்கள், பிள்ளைக்குப் படிப்பு முடிந்தது, பெரியம்மாவும் முடிந்தாள். அந்த நாற்பத்தியாறு பேரும் இப்படித்தான், குழுவில் பூவைப் போட்டுவிட்டால் உறவைக் கொண்டாடிய கணக்கு, நேரே ஒரு நம்பரை அழுத்திக் கதைக்க ஒருவனுக்கும் வக்கில்லை. பக்கத்து ஆளின் திரை பன்னிரண்டுக்கு ஏறியிருந்தது. அவன் நிம்மதியாகச் சாய்ந்தான். பன்னிரண்டுக்கு இந்த நிம்மதி! பரீட்சையில் வாங்கியிருந்தால் பெற்றோரைக் கூட்டிக்கொண்டு வா என்றிருப்பாள்.

மருதானையில் பஸ் கால்மணித்தியாலம் அசையவில்லை, ஆமர் வீதியில் இன்னும் கொஞ்சம், கொட்டாஞ்சேனையில் இறங்கும்போது பதினொன்றரை தாண்டிவிட்டது. வெயில், ஓட்டோக்காரர்களின் ஹோர்ன், மீன் வண்டி, கோயிலடியில் பூமாலைக்காரி, நாலு கடை தள்ளி மெழுகுவர்த்திக்காரி, எல்லாருடைய கையிலும் போன், எல்லாரும் கத்திக் கதைக்கிறார்கள், பக்கத்துத் தெருவுக்குப் போனில்லாமலே கேட்கும். அவள் குடையை விரித்தாள், பையை மற்றக் கைக்கு மாற்றினாள், புவனாவின் ஒழுங்கைக்குள் திரும்பினாள். வாசலில் செருப்புகள் குறைவாக இருந்தன. பயண வீடென்றால் ஆள் நிறைந்து கிடக்க வேண்டாமா? பெட்டி கட்டுவது, நிறுப்பது, இறக்குவது, திரும்பக் கட்டுவது... ஒழுங்கில்லாத வீட்டில் இதற்கு மட்டும் ஒழுங்கு வந்துவிட்டதா? அழைப்பு மணி வேலை செய்யவில்லை, எப்போது செய்திருக்கிறது, கதவைத் தட்டினாள். ஒஸ்வால்ட் திறந்தார். எப்போதும் அவளைக் கண்டால் தேவைக்கு மேல் சத்தமாகச் சிரிக்கிற மனிதர், இன்றைக்குச் சிரிக்கவில்லை, கதவைப் பிடித்தபடி நின்றார்.

"வாங்க அக்கா," என்றார், பிறகு அவள் கையிலிருந்த பையைப் பார்த்தார். "இது... பாப்பாவுக்கா?"

"பின்னை ஆருக்கு? அவள் எங்கை?"

ஒஸ்வால்ட் உள்ளே திரும்பிப் பார்த்தார், உதவிக்கு ஆள் தேடுகிற மாதிரி. "பாப்பா போயிட்டாளே அக்கா. புதன்கிழமை. டிக்கட்ட முன்னுக்குப் போட்டுட்டாங்க, அங்க ஆள் தேவைன்னு. ரெண்டே நாள்ல எல்லாம் பண்ண வேண்டியதாப் போச்சு." அவர் குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்குத் தெரியும்னுதான் நினைச்சோம்."

புதன்கிழமை. இன்றைக்குச் சனி. அப்படியென்றால் அவள் வெள்ளவத்தையில் மூன்று கடை ஏறி இறங்கிய நேற்று அந்தப் பிள்ளை அங்கே குளிருக்குள்... அவள் கதிரையில் உட்கார்ந்தாள், யாரும் இருக்கச் சொல்லவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. சொல்லாமல் அனுப்பிவிட்டார்கள். சொந்தப் பெரியம்மாவுக்கு. முதலில் வந்தது துக்கமில்லை, கேவலமாக ஒரு திருப்தி வந்தது, பார்த்தாயா, நான் நினைத்த மாதிரியேதான் இவர்கள் என்று, அந்தத் திருப்தியின் சூட்டில்தான் வாயைத் திறந்தாள், புவனா குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து நிற்கையில். "ஒரு கோல் எடுத்துச் சொல்ல உனக்கு நேரம் கிடைக்கேல்லையோ?"

புவனா தமக்கையைப் பார்த்தாள். கண் வீங்கியிருந்தது, ஆனால் இப்போது அழுகிற முகமில்லை. "எடுக்கேல்லையோ? திங்கள் இரவு எட்டு மணிக்கு எடுத்தனான். ஒன்பதுக்கு எடுத்தனான். செவ்வாய் இரவும் எடுத்தனான். மூண்டு பாஷையிலயும் உங்கடை போன் வேலை செய்யேல்லை எண்டு சொல்லுது. பகலில எடுக்க எனக்கு வேலையில நேரமில்லை அக்கா, பிள்ளைக்கு ஓடித் திரிஞ்சது தெரியாதோ உங்களுக்கு? அவள் வட்ஸ்அப்பில எத்தினை போட்டவள், நீங்கள்தானே அவளை ப்ளொக் பண்ணி வச்சிருக்கிறியள்."

"நான் ஆரையும் ப்ளொக் பண்ணேல்லை."

"ஒரு சரி அடையாளம்தான் விழுகுது எண்டவள். ரெண்டாவது சரி விழவேயில்லை. படமும் இல்லை. ப்ளொக் பண்ணினா அப்பிடித்தானாம் இருக்கும்."

படமும் இல்லை... அவள் எப்போது படம் போட்டாள்? தன் முகத்தை நாற்பத்தியாறு பேருக்குக் காட்டுகிற அற்பத்தனம் எதற்கென்று ஆரம்பத்திலிருந்தே அந்தச் சாம்பல் உருவத்தைத்தான் விட்டிருந்தாள். ஒரு சரி என்றால் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம், அவ்வளவுதான், போன் மூடியிருக்கலாம், டேட்டா இல்லாமல் இருக்கலாம், ஆள் செத்திருக்கலாம், எத்தனையோ சாத்தியம், தரப்பட்ட தரவு போதாது, இவ்வளவு படிப்பித்தும் இந்தப் பெட்டை ஒற்றைச் சரியை வைத்து நேரே முடிவுக்குப் பாய்ந்திருக்கிறாள், நிறுவல் இல்லாமல்... பத்து நாள் கோல் இல்லை, ஆகவே மறந்துவிட்டார்கள். இது யார் செய்த நிறுவல்? பஸ்ஸில் இருந்து செய்தது யார்? அந்த எண்ணத்தைத் தள்ளிவிட்டாள், ஆனால் அது போகவில்லை, பக்கத்துக் கதிரையில் வந்து உட்கார்ந்துகொண்டது.

"அவள் வந்தவள் அக்கா," என்றாள் புவனா. "செவ்வாய்க்கிழமை பின்னேரம். பெட்டியும் கட்டி முடியேல்லை, வேண்டாமடி எண்டு சொல்லச் சொல்ல ஓட்டோ பிடிச்சு வெள்ளவத்தைக்கு வந்தவள். ஏழு மணிக்கு உங்கடை ஃப்ளற்றுக்குக் கீழ நிண்டு எடுத்தவள். மேல பாத்தா லைற் எரியுதாம். வாச்சரும் மிஸ் உள்ளதான் எண்டு சொன்னவராம். லைற் எரியுது, போன் இல்லை."

"மேல வந்திருக்கலாமே!"

"நானும் அதைத்தான் கேட்டனான். போனை எடுக்காதவ கதவை மட்டும் திறப்பாவோ எண்டு கேட்டவள்."

செவ்வாய்க்கிழமை ஏழு மணி. அவள் என்ன செய்துகொண்டிருந்தாள்? நினைவிருக்கிறது, ஏன் நினைவிருக்காது, மேசை விளக்கைப் போட்டு, ரியூசன் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தாள், வகையீட்டில் எல்லாரும் ஒரே பிழை, ஒருவனைப் பார்த்து மற்றவன் எழுதியது, சிவப்புப் பேனையால் குறுக்கே கோடு போட்டுக்கொண்டே வீட்டின் அமைதியை ரசித்தாள், உண்மையில் ரசித்தாள், கீழ்வீட்டில் யாருடைய போனோ அடித்துக்கொண்டே இருக்க, என்ன சனங்கள் இது என்று நினைத்தாள். யன்னலுக்கு ஒரு தடவை வந்தாள்கூட, திரைச்சீலையை இழுத்துவிட, காற்றுக்குக் கொப்பி பறக்கிறதென்று. இழுத்துவிட்டாளே... கீழே நிற்கிற ஒருவருக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்? எட்டிப் பார்த்துவிட்டுத் திரையை மூடுகிறாள் என்றுதானே. வேறெப்படித் தெரியும்? அவள் அதைப் புவனாவுக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமென்ன?

கைப்பையைத் திறந்து போனை எடுத்தாள், நிரூபித்துவிட்டால் முடிந்தது, நிரூபணத்துக்கு முன்னால் அழுகையும் குற்றச்சாட்டும் எம்மட்டு. "இந்தா பார். ப்ளொக்கும் இல்லை ஒண்டும் இல்லை. பற்றரிக்காக டேட்டாவை மூடி வச்சிருக்கிறன். பின்னேரம் ஆறு மணிக்குப் போனையும் மூடி வைப்பன். எத்தினையோ வருஷமா இப்பிடித்தான்."

"பற்றரிக்கோ?" என்றார் ஒஸ்வால்ட். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே விளங்காமல் கேட்டார். "சார்ஜ் போடலாமே அக்கா?"

அதற்கு என்ன பதில் சொல்வது, சூடு, சுழற்சி, வீதம்... ஆயிரம் பதில் இருந்தது, பஸ்ஸில் வரும்போதுகூட இருந்தது. டேட்டாவைத் திறந்தாள். வட்ஸ்அப்பைத் தொட்டாள். ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை, பிறகு போன் கையில் நிறையத் தொடங்கியது, குழுவின் பூக்கள், கேக், கைகூப்பல், எல்லாம் மேலே மேலே வந்து விழ, அவற்றுக்குக் கீழே தள்ளப்பட்டு றேணுகாவின் பெயர், பதினொன்று என்று பச்சை வட்டத்துக்குள். புவனா குனிந்து பார்த்தாள். "ஏன் அக்கா இவ்வளவு இருட்டா இருக்கு? ஒண்டும் வாசிக்கேலாது," என்றாள், சொல்லிக்கொண்டே தன் விரலால் வெளிச்சத்தை ஏற்றிவிட்டாள், முழுதாக. அவள் தடுக்கவில்லை.

பெரியம்மா டிக்கற் மாறிட்டு, புதன் இரவு போறன். அம்மா எடுத்தவ, உங்கட போன் ஓஃப். நாளைக்குப் பின்னேரம் வரட்டா? வீட்டில நிப்பீங்களா? பிறகு செவ்வாய். கீழ நிக்கிறன். கோல் எடுத்தனான். லைற் எரியுது பெரியம்மா. ஒருக்கா எட்டிப் பாருங்க. பிறகு இருபது நிமிஷ இடைவெளி, இருபது நிமிஷம் அந்தப் பிள்ளை அங்கே நின்றிருக்கிறது, வாச்சரோடு கதைத்ததோ, மதிலில் சாய்ந்ததோ, பிறகு, சரி பெரியம்மா. புதன்கிழமை விமான நிலையத்திலிருந்து ஒன்று. நீங்க சொன்னதுக்கு எனக்குக் கோவமில்லை, உங்களுக்கு ஏன் இவ்வளவு கோவம் எண்டுதான் விளங்கேல்லை. கடைசியாக, போயிட்டு வாறன். அதோடு சரி. வந்து சேர்ந்தேன் என்று அவளுக்கு இல்லை, அது குழுவுக்குப் போட்டிருக்கிறாள், ஒரு மழை பெய்கிற யன்னலின் படம், நாற்பத்துமூன்று பேர் கைகூப்பியிருக்கிறார்கள். அங்கே இப்போது விடிகாலை, அந்தப் பதினொன்றும் இந்த நிமிஷத்தில்தான் றேணுகாவின் போனில் இரண்டு சரியாகி, நீலமாகி... விளங்கிக்கொள்வாளா? இல்லை, நான்கு நாள் கழித்து ப்ளொக்கை எடுத்திருக்கிறா என்று நினைப்பாளா? அதற்கும் இதே நீலம்தானே. இரண்டுக்கும் ஒரே நீலம்.

விரலைத் தட்டெழுத்தின் மேலே பிடித்தபடி இருந்தாள். பற்றரிக்காக மூடியிருந்தது என்று எழுதினாள். வாசித்தாள். மூன்று வருஷம் இவளுடைய பொய்ச் சாட்டுகளையெல்லாம் கேட்டவளாக, கொப்பியை பஸ்ஸில் விட்டுவிட்டேன், கரண்ட் போய்விட்டது மிஸ் என்று ஆயிரம் பிள்ளைகளிடம் கேட்டுச் சிரித்தவளாக வாசித்தாள், இதைவிட மோசமான சாட்டை எந்தப் பிள்ளையும் கொண்டுவந்ததில்லை. அழித்தாள். சரி, என்று எழுதினாள். சரியோடு தொடங்குவதுதான் நல்லது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. மேலே றேணுகாவின் பெயருக்குக் கீழே, எழுதுகிறார் என்று வந்தது, மறைந்தது, திரும்ப வந்தது, மறைந்தது. எழும்பிவிட்டாள், இந்த விடிகாலையில், பார்த்துவிட்டாள். மறைந்தது மறுபடி வரவில்லை.

ஒஸ்வால்ட் தேத்தண்ணியைக் கொண்டுவந்து ஸ்டூலில் வைத்தார், அவளுக்குச் சீனி குறைவு என்பதை நினைவு வைத்திருந்தார். புவனா அந்தக் கடதாசிப் பைக்குள் கையை விட்டுத் துணியைத் தொட்டுப் பார்த்தாள், நல்ல துணி, என்றாள், அடுத்த மாதம் செலீன் அக்காவின் மகன் போகிறான், அவனிடம் கொடுத்துவிடலாம் என்றாள். எல்லாம் சாதாரணமாகத்தான் நடந்துகொண்டிருந்தது, அதுதான் பொறுக்க முடியாமல் இருந்தது. ஒரு கேள்வி மட்டும் கனகேஸ்வரிக்குள் சுற்றிக்கொண்டே நின்றது, கேட்கக்கூடாத கேள்வி, பதில் தெரிந்த கேள்வியைக் கேட்பது அவளுக்குப் பிடிக்காது, ஆனாலும் கேட்டாள்.

"புவனா, என்ரை போன் பழுதாயிருக்கும், இல்லாட்டி நான் மூடி வச்சிருப்பன் எண்டு உங்களில ஒருத்தருக்கும் தோணேல்லையே?"

புவனா கையில் அந்த உடுப்போடு யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள், நாலு நாளையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கிற முகம். ஒஸ்வால்ட் நிலத்தைப் பார்த்தார்.

"இல்லை அக்கா," என்றாள் புவனா. "அப்பிடி ஒருக்காலும் தோணேல்லை."

நேரம் என்ன என்று கேட்டவருக்குச் சொல்வது போலச் சொன்னாள். கனகேஸ்வரி அந்தக் குரலுக்குள் தேடினாள், குத்தலையோ, இளக்காரத்தையோ, பழி தீர்க்கிற ஒரு சின்ன நெளிவையாவது, அவற்றையெல்லாம் எங்கே ஒளித்து வைத்தாலும் கண்டுபிடிக்கத் தெரிந்தவள் அவள், தேத்தண்ணி ஆறும்வரை தேடினாள். இருந்திருந்தால் அதற்கு அவளிடம் பதில் இருந்தது.